புற ஊதாப் படத்தில் சுருள் கேலக்ஸி: அந்த நீலம் எதைச் சொல்கிறது?

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் புற ஊதாப் படம் ஒன்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். நீல நிறத்தில் வளையங்கள், நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. படத்தைப் பகிர்கிறவர்கள் சும்மா பகிர்வதில்லை. 'ஆண்ட்ரோமீடாவின் உண்மையான நிறம் இதுதான்' என்பார் ஒருவர். 'நீலம் குளிர்ந்த பகுதி, மஞ்சள் சூடான பகுதி' என்பார் இன்னொருவர். 'பளிச்சென்று இருக்கும் இடத்தில்தான் நட்சத்திரங்கள் அதிகம்' என்று மூன்றாமவர் முடித்து வைப்பார்.

மூன்றுமே தவறு. இரண்டாவது நேர் தலைகீழ். மூன்றாவது மட்டும் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது: விளக்கு அதிகமாக இருந்தால் வெளிச்சமும் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஏன் சரிவரவில்லை என்று புரிந்துவிட்டால், இந்தப் படங்களைப் பாதி படிக்கக் கற்றுக்கொண்ட மாதிரி.

முதலில் ஒரு அறிமுகம். கேலக்ஸி என்பது ஈர்ப்பு விசையால் கூடியிருக்கும் கோடானுகோடி நட்சத்திரங்களும், அவற்றுக்கு இடையே பரவிய வாயுவும் தூசும். சுருள் கேலக்ஸியில் இவற்றில் பெரும்பகுதி ஒரு தட்டையான வட்டத்தட்டில் இருக்கும். தட்டில் சுருண்ட கைகள் தெரியும். நடுவில் பழைய நட்சத்திரங்கள் நெருக்கமாகக் குவிந்த ஒரு மையப் புடைப்பு இருக்கும். நம் பால்வழியும் இந்த வகைதான்.

கண்ணுக்கு எட்டாத ஒளி

ஒளி ஓர் அலை. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம்தான் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்பின் அலைநீளம் ஏறக்குறைய 700 நானோமீட்டர், ஊதாவின் அலைநீளம் ஏறக்குறைய 400. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஊதாவையும் தாண்டி, 400 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது புற ஊதா.

வெயிலில் தோல் கறுப்பதற்குக் காரணமான அதே ஒளிதான். ஆனால் தரைக்கு வந்து சேர்வது அதன் நீண்ட அலைநீளப் பகுதி மட்டும். சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை ஓசோன் படலமும் காற்றும் மேலேயே விழுங்கிவிடுகின்றன. நமக்கு அது நல்லது, வானியலாளருக்குத் தலைவலி. எவ்வளவு பெரிய தொலைநோக்கியை மலை உச்சியில் வைத்தாலும் பயனில்லை. விண்வெளிக்குப் போயே ஆக வேண்டும்.

நாம் பார்க்கும் புற ஊதா கேலக்ஸிப் படங்களில் பெரும்பாலானவை கேலெக்ஸ் என்ற விண்கலம் எடுத்தவை. 2003 ஏப்ரலில் ஏவப்பட்டு 2013 வரை வேலை செய்தது. அதன் கண்ணாடி வெறும் 50 சென்டிமீட்டர். 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் என்ற இந்திய விண்கலத்தில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் கண்ணாடி இன்னும் சிறியது, 38 சென்டிமீட்டர். ஆனால் அது கேலெக்ஸைவிடக் கூர்மையாகப் பார்க்கும்.

கேலெக்ஸ் எல்லாப் புற ஊதாவையும் ஒன்றாகக் கலந்து படம் எடுக்கவில்லை. இரண்டு பட்டைகளாகப் பிரித்து எடுத்தது. ஏறக்குறைய 135 முதல் 175 நானோமீட்டர் வரை உள்ளது தொலை புற ஊதா. 175 முதல் 280 வரை உள்ளது அண்மைப் புற ஊதா. 'அண்மை' என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அருகில் என்று பொருள். வேறு எதற்கும் அருகில் இல்லை. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இவைதான் வரும்.

சூட்டுக்கும் நிறத்துக்கும் உள்ள கணக்கு

இரும்புக் கம்பியை நெருப்பில் வைத்தால் முதலில் மங்கிய சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை. சூடு ஏற ஏற ஒளி குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. கம்பி அதற்கு மேல் போனால் உருகிவிடும். நட்சத்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

கணக்கு எளிது. 29 லட்சத்தை மேற்பரப்பு வெப்பநிலையால் வகுத்தால், எந்த அலைநீளத்தில் ஒளி உச்சத்தில் இருக்கும் என்பது நானோமீட்டரில் கிடைத்துவிடும். வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். செல்சியசோடு 273 கூட்டினால் கெல்வின். சூரியன் ஏறக்குறைய 5,800 கெல்வின், உச்சம் 500 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியும் பகுதியின் நடுவில். 30,000 கெல்வின் நட்சத்திரத்துக்கு உச்சம் சுமார் 97. அது புற ஊதாவுக்குள் வெகு ஆழத்தில் இருக்கிறது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஒரே ஒரு ஒப்பீட்டில் பார்க்கலாம். சூரியனின் பரப்பில் ஒரு சதுர மீட்டர், அந்த 30,000 கெல்வின் நட்சத்திரத்தின் பரப்பில் ஒரு சதுர மீட்டர். இரண்டும் வெறும் சூட்டால் மட்டுமே ஒளிர்கின்றன என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 550 நானோமீட்டரில், அதாவது பச்சை ஒளியில், சூடான நட்சத்திரம் ஏறக்குறைய 65 மடங்கு பிரகாசம். 150 நானோமீட்டரில் 6 லட்சம் மடங்குக்கு மேல்! போதாததற்கு அந்த நட்சத்திரம் உருவத்திலும் சூரியனைவிடப் பெரியது.

அதனால் புற ஊதாவில் ஒரு கேலக்ஸியைப் பார்க்கும்போது, சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் படத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கோடிக்கணக்கில் இருந்தும் இல்லை. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில சூடான நட்சத்திரங்கள் ஒரு பகுதியின் மொத்த வெளிச்சத்தையும் கொடுத்துவிடும்.

பிறந்தவர் கணக்கு, இருப்பவர் கணக்கு

சரி, சூடான நட்சத்திரங்கள் எங்கே இருக்கும்? இதற்கு அவற்றின் ஆயுளைப் பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் எவ்வளவு கனமோ அவ்வளவு சூடு. கனமானது எரிபொருளையும் அதிகமாகத்தான் வைத்திருக்கிறது, ஆனால் வரவைவிடச் செலவு பல மடங்கு அதிகம். சூரியனின் மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். சூரியனைப் போல் 5 மடங்கு கனமானது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள் இருக்கும். 20 மடங்கு கனமானதோ 1 கோடி ஆண்டு வாக்கில் முடிந்துவிடும்.

1 கோடி ஆண்டு நமக்குப் பெரிது, கேலக்ஸிக்கு அது ஒரு நொடி மாதிரி. சூரியன் பால்வழியின் மையத்தை ஒரு முறை சுற்றி வரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிறந்த இடத்திலிருந்து விநாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நட்சத்திரம் விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 கோடி ஆண்டில் அது கடக்கும் தூரம் சுமார் 330 ஒளியாண்டு. (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம்.) பெரிய சுருள் கேலக்ஸியின் தட்டு 1 லட்சம் ஒளியாண்டு அகலம் இருக்கும். அந்த அளவில் 330 என்பது பக்கத்து வீடு. கனமான நட்சத்திரங்கள் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராமலே மாண்டுபோகின்றன.

ஆகவே புற ஊதா வெளிச்சம் ஓர் ஊரின் மக்கள்தொகையைக் காட்டுவதில்லை. அண்மையில் அங்கே எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பதைக் காட்டுகிறது. பத்து லட்சம் முதியவர்கள் வாழும் ஊர் இந்தக் கணக்கில் இருண்டு கிடக்கும். ஆயிரம் பேர் உள்ள குடியிருப்பில் நேற்றுப் பத்துக் குழந்தைகள் பிறந்திருந்தால் அது ஜொலிக்கும். 'அண்மை' என்றால் இங்கே ஏறக்குறைய கடந்த 10 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் சொன்ன மூன்றாமவர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: சூடான நட்சத்திரம்தான் புற ஊதாவில் ஒளிரும், சூடானது கனமானது, கனமானது சீக்கிரம் சாகும், அதனால் புற ஊதா ஒளிரும் இடம் புது நட்சத்திரங்கள் பிறந்த இடம். இந்தச் சங்கிலியில் ஒரு விதிவிலக்கு உண்டு. மையத்துக்குப் போகும்போது அதைப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு ஏது நிறம்?

புற ஊதாவை நாம் பார்க்கவே முடியாது என்னும்போது, அந்தப் படத்தில் நீலமும் மஞ்சளும் எப்படி வந்தன? நாம் பூசியவைதான். கேலெக்ஸ் படங்களில் வழக்கமாகத் தொலை புற ஊதாவுக்கு நீலமும் அண்மைப் புற ஊதாவுக்கு மஞ்சள் அல்லது சிவப்புச் சாயலும் கொடுப்பார்கள். எனவே 'உண்மையான நிறம்' என்ற பேச்சே எழவில்லை. ஆனால் அது வெறும் அலங்காரமும் கிடையாது. அலைநீளம் குறைந்ததற்கு நீலம், கூடியதற்குச் சிவப்பு என்ற வரிசை அப்படியே காப்பாற்றப்படுகிறது.

வானியலில் நிறம் என்பது ஓர் எண். ஒரே இடத்தை இரண்டு பட்டைகளில் அளந்து, ஒன்றில் மற்றதைவிட எவ்வளவு பிரகாசம் என்று ஒப்பிட்டால் கிடைப்பதுதான் நிறம். பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற அளவில் குறிப்பார்கள். இதில் எண் ஏற ஏறப் பிரகாசம் குறையும். 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் 100 மடங்கு. (இந்தத் தலைகீழ் அளவை இன்னும் கட்டி அழுவது பழக்க தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.) தொலை புற ஊதாவின் எண்ணிலிருந்து அண்மைப் புற ஊதாவின் எண்ணைக் கழித்தால் வருவது புற ஊதா நிறம். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அந்த இடத்தை நீலம் என்பார்கள். கூடிக்கொண்டே போனால் சிவப்பு. அந்த 'சிவப்பு' ஒளியும் புற ஊதாதான், கண்ணுக்கு எட்டாததுதான்.

ஒரு நட்சத்திரக் கூட்டம் ஒரே நேரத்தில் பிறந்தால் அதன் நிறம் எப்படி மாறும்? மிகச் சூடானவை முதலில் சாகும், அவற்றோடு தொலை புற ஊதாவும் வேகமாகக் குறையும். கொஞ்சம் குறைந்த சூட்டில் உள்ளவை அண்மைப் புற ஊதாவை மேலும் சில காலம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் கூட்டம் வயதாக ஆக நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகிறது. நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். தோன்றட்டும். அடுத்த பகுதியில் அந்த மகிழ்ச்சியைத் தூசு கெடுக்கப்போகிறது.

தூசு என்ற திரை

விண்வெளித் தூசு என்பது கரியும் சிலிகேட் என்ற மணல் வகைப் பொருளும் சேர்ந்த மிக நுண்ணிய துகள்கள். பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் (அதாவது 1,000 நானோமீட்டருக்கும்) கீழே, புகைத் துகள் மாதிரி. இவை ஒளியைச் சிதறடிக்கின்றன, விழுங்கவும் செய்கின்றன. அலைநீளம் குறையக் குறைய இழப்பு கூடுகிறது. அந்திச் சூரியன் சிவப்பதை நினைத்துக்கொள்ளலாம்: அங்கே சிதறடிப்பது பெரும்பாலும் காற்றின் மூலக்கூறுகள், இங்கே தூசு, ஆனால் நீலப் பக்கம்தான் அதிகம் தொலைகிறது என்பது இரண்டிலும் பொது.

பால்வழியில் உள்ளது போன்ற தூசு ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் திரை போல் நின்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பாதியைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே திரை தொலை புற ஊதாவில் ஆறில் ஐந்து பங்கைத் தடுத்துவிடும். திரை இன்னும் கொஞ்சம் கனத்தால் புற ஊதாவில் அந்த இடமே காணாமல் போகும்.

இதில் விபரீதம் என்னவென்றால், நட்சத்திரங்கள் பிறப்பதே தூசும் வாயுவும் அடர்ந்த மேகங்களுக்குள்தான். மிகச் சுறுசுறுப்பான பிரசவ அறை பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் புற ஊதாப் படத்தில் ஓர் இடம் இருட்டாக இருந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம்: அங்கே எதுவும் பிறக்கவில்லை, அல்லது ஏராளமாகப் பிறந்து எல்லாம் மறைந்திருக்கிறது. நிறத்திலும் அதே குழப்பம். சிவப்பாகத் தெரியும் இடம் வயதான கூட்டமாக இருக்கலாம், தூசுக்குப் பின்னால் இருக்கும் இளம் கூட்டமாகவும் இருக்கலாம். புற ஊதாப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்வழித் தூசு 217.5 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைக் கொஞ்சம் கூடுதலாகவே விழுங்குகிறது. அது அண்மைப் புற ஊதாப் பட்டைக்குள் விழுகிறது. அதனால் இரண்டு பட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு மங்கி, தூசு இருந்தும் நிறம் அதிகம் சிவக்காமல் போகலாம். எல்லா கேலக்ஸிகளின் தூசும் இப்படி இல்லை; நமக்கு அருகே உள்ள சிறிய மெகல்லானிக் மேகம் என்ற குட்டி கேலக்ஸியின் தூசில் இந்தக் கூடுதல் விழுங்கல் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

தீர்வு அகச்சிவப்பில் இருக்கிறது. அகச்சிவப்பு என்பது சிவப்பைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளி. தூசு விழுங்கிய ஆற்றல் எங்கும் ஓடிவிடாது. தூசு லேசாகச் சூடாகி, 20, 30 கெல்வினுக்கு வந்து, அந்த ஆற்றலை அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. திருடியவனே ரசீது கொடுப்பது மாதிரி. புற ஊதாப் படத்தையும், ஸ்பிட்சர், ஹெர்ஷல் போன்ற விண்கலங்கள் எடுத்த அகச்சிவப்புப் படத்தையும் அடுக்கி வைத்தால், தப்பி வந்தது எவ்வளவு, மாட்டிக்கொண்டது எவ்வளவு என்று இரண்டும் தெரியும்.

சுருக்கமாக: புற ஊதாவில் பிரகாசம் என்றால், அந்த ஒரு விதிவிலக்கைத் தவிர, பிறப்பு உறுதி; இருட்டு என்றால் எதுவும் உறுதியில்லை. நிறம் வயதையும் சொல்லும், தூசையும் சொல்லும். இரண்டையும் பிரிக்க அகச்சிவப்பு வேண்டும்.

மையத்திலிருந்து வெளியே ஒரு நடை

இப்போது ஒரு நிஜ கேலக்ஸிக்குப் போகலாம். எம்81 நமக்கு ஏறக்குறைய 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள அழகான சுருள். சாதாரணப் படத்தில் அதன் மையப் புடைப்புதான் ராஜா. பெரியதாக, பொன்னிறமாக, கண்ணைப் பறிக்கும். புற ஊதாவில் அது மங்கிப்போகிறது. மெல்லிய நூல் போன்ற கைகள் முன்னுக்கு வந்துவிடுகின்றன. முதியவர்கள் நிறைந்த ஊரில் விளக்கு அணைந்த கதைதான்.

மங்கிப்போகிறது என்றேன், அணைந்துபோகிறது என்று சொல்லவில்லை. மையத்தில் ஒரு மஞ்சள் சாயல் மிச்சம் இருக்கும். முன்னே சொன்ன விதிவிலக்கு இதில் ஒளிந்திருக்கிறது. 1968 டிசம்பரில் ஏவப்பட்ட ஓஏஓ-2 என்ற செயற்கைக்கோள் ஆண்ட்ரோமீடாவின் மையத்தைப் பார்த்தபோது, பழைய நட்சத்திரங்கள் மட்டுமே உள்ள அந்த இடத்திலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகப் புற ஊதா வந்தது. புதிதாக ஏதோ பிறக்கிறது என்று அர்த்தமில்லை. சில முதிய நட்சத்திரங்கள் தங்கள் வெளி உறையில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் கொதிக்கும் பகுதி கிட்டத்தட்ட வெளியே தெரிகிறது. குழந்தை இல்லாத வீட்டில் பாட்டி பட்டாசு வெடித்தால் தெருவில் போகிறவர் குழந்தை இருக்கிறது என்றுதானே நினைப்பார்.

மையத்தை விட்டு வெளியே வந்தால் கைகள். வாயு கையில் நெருங்கி வரும்போது அழுந்துகிறது, அங்கே நட்சத்திரங்கள் பிறக்கின்றன. புற ஊதாவில் கை ஒரு தொடர்ச்சியான பட்டையாகத் தெரிவதில்லை. கோத்த மணிகளைப் போல், முடிச்சு முடிச்சாகத் தெரியும். ஒவ்வொரு முடிச்சும் இளம் நட்சத்திரக் கூட்டங்களின் தொகுதி. கைகளுக்கு இடையே உள்ள பகுதி காலி என்று நினைக்கக் கூடாது. அங்கேயும் நட்சத்திரங்கள் நிறைய இருக்கின்றன, வயதானவை. அதனால் அந்த இடம் மங்கலாகவும் கொஞ்சம் சிவந்தும் இருக்கும்.

இன்னும் வெளியே போகப் போகப் பொதுவாகத் தட்டு நீலமாகிக்கொண்டே போகும். இரண்டு காரணங்கள் ஒரே திசையில் இழுக்கின்றன. ஒன்று, தட்டு உள்ளிருந்து வெளியே வளர்கிறது. உட்பகுதி முன்பே நட்சத்திரங்களாகிவிட்டது, வெளிப்பகுதியின் சராசரி வயது குறைவு. இரண்டு, தூசு செய்யத் தேவையான கார்பன், சிலிகான் போன்ற தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் உருவாகுபவை; தலைமுறைகள் அதிகம் கடந்த உட்பகுதியில் அவை அதிகம், வெளியே குறைவு. தூசு குறைந்தால் சிவப்பும் குறையும். இந்த இரண்டில் எது எவ்வளவு என்பதுதான் ஆய்வாளர்கள் கேலக்ஸிக்கு கேலக்ஸி உட்கார்ந்து பிரிக்கிற வேலை. பொதுவாக என்று சொன்னதையும் கவனியுங்கள். ஆண்ட்ரோமீடாவில் மையத்திலிருந்து ஏறக்குறைய 33,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு வளையம்தான் பிறப்புகளின் முக்கிய இடம். சீரான சரிவெல்லாம் அங்கே எடுபடாது.

அப்புறம், விளிம்பு. சாதாரணப் படங்களில் தட்டு முடிவது போல் தெரியும் இடத்துக்கு வெளியே எதுவும் பெரிதாகப் பிறக்காது என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். வாயு அங்கே அவ்வளவு மெலிந்து கிடக்கிறது. கேலெக்ஸ், 1.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம்83 என்ற சுருள் கேலக்ஸியைப் பார்த்தது. தெரிந்த தட்டுக்கு வெளியே வெகு தொலைவில், சிதறிய நீலப் புள்ளிகள். இளம் நட்சத்திரக் கூட்டங்கள்! 2005-இல் இது வெளியானது. பிறகு தேடியபோது இப்படி நீண்ட புற ஊதாத் தட்டு வேறு பல கேலக்ஸிகளிலும் கிடைத்தது. புற ஊதாவில் பின்னணி வானம் மிக இருண்டது என்பதால்தான் இவ்வளவு மங்கலான புள்ளிகளும் தெரிந்தன.

சாய்வு என்ற சின்ன விஷயம்

தட்டை நாம் நேராகப் பார்க்கிறோமா, விளிம்பு வழியாகப் பார்க்கிறோமா என்பதும் முக்கியம். விளிம்பு வழியாகப் பார்த்தால் ஒளி தட்டின் குறுக்கே நீண்ட தூரம் தூசுக்குள் வர வேண்டும். ஒரே மாதிரி இரண்டு கேலக்ஸிகள் கூட, ஒன்று சாய்ந்திருந்தால், புற ஊதாவில் வேறு வேறு பிரகாசம் காட்டும். இரண்டு படங்களை அருகருகே வைத்து 'இதில்தான் பிறப்பு அதிகம்' என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

தூரத்து கேலக்ஸிகளில் புற ஊதா ஏன் தவிர்க்க முடியாதது

பிரபஞ்சம் விரிவதால் தூரத்திலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியில் நீண்டுவிடுகிறது. இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். போதிய தூரத்தில் உள்ள ஒரு கேலக்ஸியில் 200 நானோமீட்டரில், புற ஊதாவாகக் கிளம்பிய ஒளி, மூன்று மடங்கு நீண்டு, நம்மிடம் 600 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வந்து சேரும்.

1995 டிசம்பரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு பகுதியைப் பத்து நாள் உற்றுப் பார்த்து எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருக்கும் தூரத்து கேலக்ஸிகள் பல, ஒழுங்கில்லாமல் துண்டு துண்டாகத் தெரிந்தன. அவ்வளவு தூரத்து ஒளி வெகுகாலம் முன்பே கிளம்பியது; அந்தப் பழங்கால கேலக்ஸிகள் உண்மையிலேயே கரடுமுரடானவைதான், ஓரளவுக்கு. ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றின் புற ஊதா முகத்தை. அமைதியான தட்டும் புடைப்பும் அதில் தெரியாது, பிறப்பு முடிச்சுகள் மட்டும் தெரியும். எம்81-ஐத் தூக்கி அவ்வளவு தூரத்தில் வைத்தாலும் அதன் பொன்னிற மையம் மறைந்து கைகளின் முடிச்சுகள்தான் மிஞ்சும். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்ப்பதால், அந்த கேலக்ஸிகளிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கிளம்பியதையே பிடிக்கிறது. ஹப்பிளில் உதிரித் துண்டுகளாக இருந்த சிலவற்றில் இப்போது தட்டு தெரிகிறது.